விமானம் ஓட்டத் தெரியாதவர்

என் வீட்டுக்காரர் சவுதி வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக எங்கள் கடற்கரை ஊரான வேதாளைக்குத் திரும்பியபோது, கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. வேனிலிருந்து அதை அவரே மடியில் வைத்துக்கொண்டு இறங்கினார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்கள். நானும் மூன்று நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் திரிந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு பெட்டியைத் திறந்தார். உள்ளே பொத்தான்கள் வைத்த கறுப்புக் கைப்பிடி ஒன்று, முன்னும் பின்னும் தள்ளுகிற நெம்புகோல் ஒன்று, காலால் மிதிக்கிற பலகை இரண்டு. என் மாமியார் அந்த மிதிபலகைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, தையல் மிஷினுடைய மேல்பாகம் எங்கே என்று கேட்டார். இது விமானம் ஓட்டுவதற்கு என்றார் மகன். மாமி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

விஷயம் இதுதான். அங்கே அவர் ஏசி மெக்கானிக். கூடத் தங்கியிருந்த ஒருவரிடம் கம்ப்யூட்டர் இருந்ததாம். வெள்ளிக்கிழமை லீவில் இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தக் காலத்து உலகப்போர் விமானங்களில் ஏறி, எவனையோ துரத்திச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவர் நிஜ விமானத்தில் ஏறினால் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சென்னை வரும்வரை ஓதிக்கொண்டே வருகிறவர். ஜன்னலோர இடம் கிடைத்தால் பக்கத்து ஆளிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வார். அதை அவர் வாயாலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷன் ஊருக்கு வந்து போர் விமானி ஆனார்.

மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் சாமான்களைத் தனித்தனியாக வாங்கிவந்து வீட்டில் வைத்து ஒன்றாகப் பூட்டினார். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சாதாரணமாகத்தான் வந்தன. கிராபிக்ஸ் கார்டு மட்டும் பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி துண்டில் சுற்றி வந்தது. வானத்தையும் மேகத்தையும் திரையில் வரைவது அதுதானாம். நல்ல கார்டு இல்லையென்றால் மேகம் கட்டிகட்டியாகத் தெரியும் என்றார். வாசலில் நின்று நிமிர்ந்தால் மேகம் தெரியாதா என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. உட்காருவதற்கு ராமநாதபுரத்துப் பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு வேன் சீட்டு வந்தது. அதைப் பலகையில் போல்ட் அடித்து, முன்னால் மிதிபலகைகளை ஆணி வைத்து அடித்தார். வலது பக்கம் கைப்பிடி, இடது பக்கம் நெம்புகோல். நடுவில் கைலியும் பனியனுமாக அவர்.

வீட்டில் ஒரே அறைக்குத்தான் ஏசி. நாங்கள் படுப்பதற்காக அவரே மாட்டியது. கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்பதால் அறை அதற்குப் போனது. நாங்கள் ஹாலில் பாயை விரித்துக்கொண்டோம். மாமி மட்டும் தஸ்பீஹ் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அறைக்கே குடிபெயர்ந்துவிட்டார். ஒரு பக்கம் குண்டுமழை, மறுபக்கம் மாமி ஓதுகிற திக்ரு. இரண்டுமே நிற்காமல் நடக்கும்.

எங்கள் பக்கத்து வோல்டேஜ் பற்றிச் சொல்ல வேண்டும். கிரைண்டர் ஓடினால் ட்யூப்லைட் மங்கும். யுபிஎஸ், ஸ்டெபிலைசர் எல்லாம் வைத்துப் பார்த்தார். அதையும் மீறி, நான் மிக்ஸியைப் போட்டேன் என்றால் அங்கே விமானம் அப்படியே இருட்டில் மறைந்துவிடும். அதனால் அவர் யுத்தத்துக்குப் போகும் நேரத்தில் சட்னி அரைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஐரோப்பாவில் எங்கோ பனிப்பிரதேசத்தில் நடக்கிற சண்டை முடிந்தால்தான் வேதாளையில் மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி சாப்பிட்டாச்சா என்று கேட்டால், இன்னும் சண்டை முடியவில்லை என்று சொல்லிப் பழகிவிட்டேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு எனக்காக ரொம்ப நாள் வருத்தப்பட்டிருக்கிறாள்.

உப்புக்காற்று இன்னொரு எதிரி. இரும்புக் கதவையே தின்கிற காற்று கம்ப்யூட்டரை விடுமா. திடீரென்று திரை வராது. உடனே எல்லாவற்றையும் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, ராமின் பல் வரிசையை அழிரப்பரால் தேய்ப்பார். மகளுக்கு வாங்கிய அழிரப்பர் ஒன்றுகூட வீட்டில் தங்காது. அந்த நேரத்தில் அவரிடம் பேசக் கூடாது. எனக்குப் பிரசவ வலி வந்தபோதுகூட இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்க அவர் அப்போது ஊரிலும் இல்லை.

உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானங்கள் வந்து இறங்கும். எங்கள் வீட்டுக்கு மேலேதான் தாழ்வாகப் போகும். சத்தம் கேட்டதும் இவர் மொட்டைமாடிக்கு ஓடுவார். நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் வாரான், இவனெல்லாம் என்னத்தப் படிச்சான் என்று குறை சொல்லிக்கொண்டே இறங்கிவருவார். குறை சொல்லப்பட்ட விமானங்கள் ஒவ்வொன்றும் பத்திரமாக இறங்கின.

இவருடையது ஒன்றுகூட இறங்கியதில்லை. ஏறுவார், துரத்துவார், சுடுவார். சில நாள் ஜெயிப்பார். திரும்பிவந்து தரையில் இறக்கும்போது ஒன்று மூக்குக் குத்தும், இல்லையென்றால் ஓடுபாதையைத் தாண்டி மரத்தில் போய் விழும். அப்புறம் பாராசூட்டில் குதிப்பது என்று ஒரு வழியைக் கண்டுபிடித்தார். விமானம் போனால் போகட்டும், ஆள்தான் முக்கியம் என்பார். நாலு வருஷம் இப்படி எத்தனையோ விமானத்தை அழித்தார். எதிரிகள் அழித்ததைவிட இவர் தன் பக்கத்தில் அழித்தது அதிகமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கரையில், இலங்கையில் சண்டை மறுபடி கடுமையானது. அங்கே போராளிகள் கையிலும் சின்ன விமானம் இருக்கிறதாம் என்று பேப்பரில் வந்தது. டீக்கடையில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு புண்ணியவான், வேதாளையில ஒரு பாய் வீட்டுக்குள்ளேயே விமானம் ஓட்டப் பழகுறாரு என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் பெருமையாகத்தான் சொன்னாராம்.

ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், போலீஸ் ஷூ. பெரியவர் கமுதிப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. கூட வந்தவர் கையில் எழுதுவதற்கு அட்டை வைத்திருந்தார். நான் டீ போட உள்ளே போனேன். பாஸ்போர்ட், சவுதி, கடற்கரை, விமானம். இந்த நாலையும் சேர்த்து வைத்தால் என்ன வரும் என்று யோசித்துக்கொண்டே சீனியை இரண்டு தடவை போட்டேன்.

திரும்பி வந்தால் என் வீட்டுக்காரர் சந்தோஷமாக இருந்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய அறைக்கு அக்கறையோடு வந்து கேள்வி கேட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான். ஜாய்ஸ்டிக்கைக் காட்டினார், மிதிபலகையைக் காட்டினார், கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து கிராபிக்ஸ் கார்டைக் காட்டினார். எழுதுகிறவர் அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மாமி மூலையில் உட்கார்ந்து ஓதுவதை நிறுத்தவில்லை.

எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் பெரியவர் கேட்டார்.

"பாய், இதுல பழகுன ஆளு நெச விமானத்த ஓட்ட முடியுமா?"

எந்தப் புத்தியுள்ளவனும் முடியாது என்று சொல்லிவிட்டு டீயை நீட்டுவான். இவர் தாடியைத் தடவினார். யோசித்தார்.

"கொஞ்சம் பழக்குனா ஓட்டிரலாம் சார்," என்றார்.

எழுதுகிறவரின் பேனா நின்றது. இனி சும்மா இருந்தால் குடி முழுகிவிடும் என்று தோன்றியது. நான் அதுவரை அன்னிய ஆண்கள் முன்னால் குரலை உயர்த்தியவள் இல்லை.

"சார், இவுகளுக்கு இறக்கத் தெரியாது. நாலு வருஷமாப் பாக்குறேன். ஒரு தடவகூட ஒழுங்கா இறக்குனதில்ல. வேணும்னா ஓட்டச் சொல்லிப் பாருங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. பெரியவர், சரி பாய், ஒருக்கா ஏறி இறங்கிக் காட்டுங்க என்றார்.

இவர் வேன் சீட்டில் உட்கார்ந்தார். கைலியை மடித்துக் கட்டினார். இரண்டு போலீஸ்காரர்களும் பின்னால் நின்றார்கள். நான் கதவோரம் நின்று, யா அல்லா, இன்னைக்கு மட்டும் இறங்கிவிடக் கூடாது என்று துவா செய்தேன். ஒரு பெண்டாட்டி தன் புருஷன் தோற்க வேண்டும் என்று கை ஏந்தி நின்றது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். விமானம் ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றியது. ஓடுபாதையை நோக்கித் திரும்பி வந்தபோது என்றைக்கும் இல்லாமல் நேராக வந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. எழுதுகிறவர் தன்னை அறியாமல், மெதுவா, மெதுவா என்றார். சக்கரம் தரையைத் தொட்டது, ஒரு துள்ளுத் துள்ளியது, இடது இறக்கை சாய்ந்தது, அப்படியே குட்டிக்கரணம் போட்டுத் தீப்பிடித்தது.

பெரியவர் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

அதன் பிறகு வாக்குமூலம் எழுதினார்கள். பொழுதுபோக்குக்காக விளையாடுவதாகவும், தனக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்றும் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். இவர் வாங்கிப் படித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரியாதுன்னு போடாதீக சார். இறக்கத்தான் வரல. அதை மட்டும் போடுங்க."

பெரியவர் எழுதுகிறவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வீட்டிலும் இப்படி ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, பாய், ஏறத் தெரியும் இறங்கத் தெரியாதுன்னு எழுதுனா மேல இருக்கிறவுக அதை எப்படிப் படிப்பாகன்னு யோசிங்க, மோதப் போறவனுக்கு இறங்கத் தெரிய வேணாமே என்று தணிவாக விளக்கினார். இவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்தது. கையெழுத்துப் போட்டார். ஆனாலும் அவர்கள் போன பிறகு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் வந்துபோனதற்காக இல்லை. அரசாங்கத் தாளில் தெரியாது என்று ஆகிவிட்டதே என்று. என்னோடு இரண்டு நாள் பேசவும் இல்லை. நீ சொன்னது நெசந்தான், ஆனா எல்லாரு முன்னாலயும் சொல்லணுமா என்று மூன்றாம் நாள் கேட்டார். உங்களை ஜெயிலில் பார்க்க எனக்கு பஸ் வசதி சரியில்லை என்றேன்.

அதன் பிறகு சுடுவதைவிட இறக்குவதற்குத்தான் அதிகம் பாடுபட்டார். புது ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கிவந்தார். இன்ஜின் சத்தத்தை வைத்தே வேகத்தைக் கணிக்க வேண்டுமாம். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடுகிற அளவுக்குச் சத்தம்.

மறு வருஷம் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். துணி தைக்க மண்டபம் அகதி முகாமிலிருந்து ஒரு பெண் வருவாள். அக்கரை மன்னார்க்காரி. கையில் சுத்தமான வேலை. ஒரு மத்தியானம் தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு அளவெடுக்க வந்திருந்தாள். நாங்கள் ஹாலில் துணியை விரித்துக்கொண்டிருந்தோம். அறையில் இவர் ஸ்பீக்கரைத் திறந்து விமானத்தைக் கீழ்நோக்கிப் பாய்ச்சினார்.

அந்தச் சத்தம் வந்ததுதான் தெரியும். அளவு டேப் தரையில் கிடந்தது. அவள் இல்லை. குனிந்து பார்த்தேன். மாமி விட்டுப்போன பழைய கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டி, பிள்ளையைத் தனக்குக் கீழே போட்டு அதன் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அந்தப் பிள்ளை அழவே இல்லை. எப்படிப் படுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நான் ஓடிப்போய் சுவரில் இருந்த ஸ்பீக்கர் சுவிட்சைத் தட்டினேன். இவர் கோபமாக எழுந்து வந்தவர், கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவள் மெல்ல வெளியே வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பிள்ளை பயந்திட்டுது என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு அறையை எட்டிப் பார்த்தாள்.

"இது குண்டு போடுறதோ அண்ணை?"

"இல்லம்மா," என்றார் இவர். "சும்மா பறக்குறது."

அவளுக்கு டீயும் பிள்ளைக்கு முறுக்கும் கொடுத்தேன். அளவெடுத்து முடித்துத்தான் போனாள். ரவிக்கைகளும் சொன்ன நாளுக்கு வந்தன.

அன்றைக்குச் சாயங்காலமே ஸ்பீக்கரைக் கழற்றிப் பரணில் போட்டார். கொஞ்ச நாள் அறைக்குள் போகவே இல்லை. மாமிக்கு ஏசி இல்லாமல் போனதுதான் மிச்சம். பிறகு வேறு ஒரு சிடியைத் தேடிக்கொண்டு வந்தார். அதில் துப்பாக்கி கிடையாது. சின்ன விமானம், தனியாக ஏறலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். சும்மா பறக்குறது என்று அவளிடம் சொல்லிவிட்டோமே, அதை அப்படியே ஆக்கிவிடலாம் என்று நினைத்திருப்பார். என்னிடம் சொல்லவில்லை.

சுட வேண்டிய அவசரம் இல்லாததாலோ என்னவோ, விமானம் இறங்கத் தொடங்கியது. முதல் தடவை இறங்கியபோது என்னைக் கூப்பிட்டார். ஓடுபாதையின் ஓரத்தில் அது முழுசாக நின்றது, இறக்கை இரண்டும் அதனதன் இடத்தில். ஸ்டேஷனுக்குப் போய் அந்த வாக்குமூலத்தைத் திருத்தச் சொல்லலாமா என்று கேட்டார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அந்த நிஜப் பாதிக்காக அவருடைய செருப்பை ஒளித்துவைத்தேன்.

மகள் கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று இருந்த ஒரு நாளில் என்னையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எங்க போகணும் என்றார். நம்ம ஊருக்குப் போங்க மச்சான் என்றேன். வரைபடத்தில் தேடிப் பிடித்து வந்தார். பாலம் இல்லை, கோயில் இல்லை, எங்கள் பள்ளிவாசல் இல்லை. பச்சையாக ஒரு மண்துண்டு, அதற்கு இரண்டு பக்கமும் நீலமாக, துடைத்துவிட்ட மாதிரி கடல். அக்கரைவரை தெளிவாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் அதன் மேல் போனோம்.

இம்புட்டுக் கடல்ல ஒரு வள்ளம்கூட இல்லையே என்று கேட்டேன்.

"அதெல்லாம் வரைஞ்சா இந்தக் கார்டு தாங்காது," என்றார் அவர்.