முப்பத்திரண்டு நூல்

தனகோட்டியின் கையைப் பற்றி சுரங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. கிரேனில் ஐந்து டன் மோட்டாரைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கோழிமுட்டையை வைத்தால், முட்டையைத் தொட்டு நிறுத்துவான், உடைக்க மாட்டான் என்பார்கள். யாரும் முட்டை வைத்துப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். ஆனால் பதினாறு வருஷமாகக் கான்ட்ராக்டில் கிரேன் ஓட்டுகிறவன், ஒருத்தர் மேலும் ஒரு கீறல் விழ விட்டதில்லை. அந்தத் திமிர் அவனுக்குக் கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேலை தெரிந்தவனுக்கு அந்த அளவுகூட இல்லாவிட்டால் எப்படி?

அப்பேர்ப்பட்ட கை ஆவணி மாசம் ஒரு நாள் அவனை ஏமாற்றியது. ஒரு கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு விரற்கடைதான் பாக்கி. லீவரைப் பிடித்திருந்த வலது கை, அவனைக் கேட்காமலே வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தது. கியர்பாக்ஸ் தொம்மென்று உட்கார்ந்தது. நல்லவேளை, கீழே அந்த நேரத்தில் யார் கையும் இல்லை.

"இன்னா மாமா, தூக்கமா?" என்று கீழேயிருந்து சிரித்தான் வளவன்.

"காத்துடா மாப்ள" என்றான் தனகோட்டி.

காற்றாம்! ஒரு இலை அசையவில்லை அன்றைக்கு. பத்து மணி டீயை வாங்கினால் கிளாஸ் தானாக ஆடி, டீ பாதி சட்டையில் கொட்டியது. சட்டென்று இடது கைக்கு மாற்றிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை.

இந்த வளவன் வேறு யாருமில்லை, தனகோட்டியின் பெண்டாட்டி எழில்மதிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. அதே கான்ட்ராக்டில் ஃபிட்டர். மேலிருந்து பாரம் இறங்க இறங்க, போல்ட் ஓட்டைக்கு நேராக அதைத் தள்ளி உட்கார வைப்பது அவன் வேலை. கையை இடுக்கில் விடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் கேட்க மாட்டான். "எங்க மாமா சீட்ல இருக்கறப்ப எனக்கு இன்னா பயம்? கண்ண மூடிக்கினு வுடுவேன்" என்பான். இதைக் கேட்டு ஒரு காலத்தில் தனகோட்டிக்கு உச்சி குளிர்ந்திருக்கிறது. இப்போது கேட்டால் பகீர் என்றது.

மூன்று வாரத்தில் ஷட்டவுன். கன்வேயரை நிறுத்திவிட்டு, பெல்ட்டை இழுக்கிற பெரிய டிரம்மை மாற்றப் போகிறார்கள். எட்டு டன். மேலே தனகோட்டி, கீழே வளவன். அந்த எட்டு டன் ஒரு நூல் அளவு நழுவினாலும் வளவனுக்கு விரல் என்று ஒன்று மிஞ்சாது. எஞ்சினியரிடம் சொல்லிவிடலாம்தான். சொன்னால் மெடிக்கலுக்கு அனுப்புவார்கள். அங்கே 'அன்ஃபிட்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவார்கள். பதினாறு வருஷம் காத்திருந்து பர்மனென்ட் லிஸ்டில் ஏறின பேர் அன்றைக்கே இறங்கிவிடும். சொல்லாவிட்டால் மச்சினன் கை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு வாய்ச் சோறு தொண்டையில் இறங்காமல் தவித்தான் மனுஷன்.

அப்போதுதான் அவனுக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுரங்கத்து டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு வருஷமாக ஒரு விமானம் வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பற்படை வைத்திருந்த ஸ்வார்ட்ஃபிஷ். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, இடையில் முட்டுக் கால்கள், குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டிய கம்பிகள். ஃபோனில் அதன் வீடியோவைப் பார்த்தவன் அசந்துபோய்விட்டான். துணி போர்த்தின இறக்கை, உள்ளே மூன்று ஆள், வயிற்றுக்கடியில் முக்கால் டன் டார்பிடோ. இதை வைத்துக்கொண்டா இரும்புக் கப்பலை அடித்தார்கள்! வேறு யாராவதாக இருந்தால் வீரத்தைப் பார்த்திருப்பார்கள். கிரேன்காரன் பாரத்தைத்தான் பார்த்தான்.

"முக்கா டன்ன ஒரு துணி மூட்டை தூக்கிக்கினு பறக்குது பாரு எழிலு!"

வாசலில் உட்கார்ந்து பஜார் பூக்கடைக்கு மல்லி கட்டிக்கொண்டிருந்த எழில்மதி தலையைத் தூக்கவே இல்லை. "அதுக்காச்சும் பர்மனென்ட் ஆயிடுச்சாமா?" என்று கேட்டாள்.

அவள் என்ன கிண்டல் பண்ணினாலும் அவன் விடவில்லை. அசலில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. மூங்கிலைச் சீவி, ஈர்க்கை வளைத்து, மேலே பட்டக் காகிதத்தை ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்தான். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. கப்பல் தளத்தில் இறங்கும்போது கயிற்றில் மாட்டுகிற கொக்கிகூட வாலடியில் இருந்தது. பாக்கி கம்பிகள்தான். கம்பிக்குப் பதில் மெழுகு போட்ட தையல் நூல். இறக்கை ஓரத்தில் குத்திய குண்டூசித் தலைகளில் முடிந்து, ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டால் காய்ந்து நிற்கும். சொல்லும்போது லேசு. முடிச்சுப் போடுகிற நேரத்தில் கை ஒரு இம்மி ஆடினாலும் நூல் தொய்ந்துவிடும், மேல் இறக்கை கோணிக்கொள்ளும். மொத்தம் முப்பத்திரண்டு நூல்.

யோசனை இதுதான். நாளுக்கு இரண்டு நூல். இன்றைக்குக் கட்டியதை மறுநாள் நகத்தால் சுண்டிப் பார்ப்பது. விறைப்பாக இருந்தால் கை சரியாக இருக்கிறது. தொய்ந்திருந்தால் சரியில்லை. முப்பத்திரண்டில் மூன்று தொய்ந்துவிட்டால் நேராக எஞ்சினியரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது. கோயிலில் சீட்டுப் போட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. டாக்டரிடம் காட்டினால் எழுதிவிடுவார், விமானம் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது? பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

முதல் ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்ததும், குளிக்காமல்கூட, இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்காருவான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலைக் குண்டூசிக்குக் கொண்டுபோவான். கிட்டே போகப் போக விரல் தந்தியடிக்கும். "நில்லு, நில்லுடா" என்று தன் கையையே கெஞ்சுவான், திட்டுவான். ஒரு முடிச்சுக்கு அரை மணி நேரம். முதுகெல்லாம் தெப்பமாக நனைந்துவிடும்.

மூன்றாம் நாள் ஒரு நூல் தொய்ந்தது. நாலாம் நாள் இன்னொன்று. அறுத்துவிட்டு வேறு கட்டினான், ஆனால் கணக்கு கணக்குதானே. இன்னும் ஒன்று போனால் முடிந்தது கதை. அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எழில்மதி இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, போடி" என்றான்.

ஐந்தாம் நாள் வந்து சுண்டினான். இரண்டும் டிங்கென்றது. ஆறாம் நாளும் அப்படியே. ஏழு, எட்டு, ஒன்பது... ஒரு நூல் தொய்ய வேண்டுமே! முடிச்சுப் போடும்போது விரல் ஆடத்தான் செய்தது. ஆடினாலும் கடைசி நொடியில் வேலையைச் சரியாக முடித்துவிடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. சாப்பாடு இறங்கியது. சேத்தியாத்தோப்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது பஸ்ஸில் எழில்மதியிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். இடையில் சின்னச் சின்ன பாரமாக ஏழெட்டு இறக்கினான். வளவன் கையை விட்டான், ஒன்றும் ஆகவில்லை. "ஷட்டவுன்ல நான்தான் ஏறுவேன் சார்" என்று எஞ்சினியர் செல்வகுமாரிடம் அவனாகவே போய்ச் சொன்னான்.

ஷட்டவுன் நாள் வந்தது. வேலை காலை எட்டு மணிக்கு என்பதால் அன்றைக்கு நிதானமாக எழுந்தான். முந்தின நாள் சாயங்காலம் கட்டியதுதான் முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும். குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டோடு சுண்டினான். முப்பத்தொன்று, டிங். முப்பத்திரண்டும் டிங். "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொல்லி விரலை எடுத்தால், நகத்தில் ஏதோ பிசுபிசுத்தது.

பசை. முந்தின நாள் வைத்த பசை எப்படி ஈரமாக இருக்கும்?

குனிந்து பார்த்தான். அவன் போடுவது இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குகிற முடிச்சு. இது இரண்டு விரலில் சுருக்குப் போட்டு, குண்டூசித் தலையில் மாட்டி, ஒரே இழுப்பில் நிறுத்திய முடிச்சு. பூக் கட்டுகிற முடிச்சு. ஃபோன் லைட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குண்டூசியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, வால் பக்கம் வரிசையாக மூன்று.

"எழிலு."

"இன்னாங்க?"

"இத நீ தொட்டியா?"

அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "கண்டுபுடிச்சிட்டீங்களா? நீங்க குளிக்கப் போனப்ப பாத்தேன், அது தொங்கிக்கினு கெடந்துச்சு. இழுத்துக் கட்டினேன். பூ கட்டறத வுட இது கஷ்டமா?"

"மொத்தம் எத்தினி?"

"யாருங்க எண்ணினா? பத்து பன்னெண்டு இருக்கும். அன்னைக்கு நூலு தொங்குதுன்னு சோறு திங்காம படுத்தீங்களே, எனக்கு மனசு கேக்கல. அதுலேர்ந்து நீங்க ஷிஃப்டுக்குப் போனதும் ஒரு நோட்டம் வுடுவேன். தொங்கறத அவுத்துக் கட்டி வச்சிடுவேன். நீங்களும் வந்து சுண்டிட்டு சிரிப்பீங்க..." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஏங்க? இன்னா ஆச்சு?"

தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆவணி மாசத்து கியர்பாக்ஸிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

"அடப் பாவி மனுசா!" என்றாள். அவளுக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "என் தம்பி கைய வச்சா நீ சீட்டுப் போட்டுப் பாத்த? நான் என் கையாலயே அவனுக்கு..." மேலே சொல்ல முடியாமல் தன் வலது கையைச் சுவரில் ஓங்கி அடித்தாள். உடனே ஃபோனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். வேலைக்கு இறங்கினால் லாக்கரில் வைத்துவிடுவான்.

"லிஸ்ட்ல பேரு..." என்று இழுத்தான் தனகோட்டி.

"லிஸ்டும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு! ஓடு!"

ஓடினான். ஆனால் ஓடிப்போய்ச் சேருவது வேறு, வாயைத் திறப்பது வேறு. அங்கே முப்பது பேர் இவனுக்காகக் காத்திருந்தார்கள். "இன்னாய்யா இன்னைக்குப் போய் லேட்டு? ஏறு, ஏறு" என்றார் செல்வகுமார். டிரம்மைத் தூக்குகிற ஸ்லிங் கயிற்றை மாட்டியாகிவிட்டது. வளவன் எதிரே, டிரம் உட்கார வேண்டிய பீடத்துக்குப் பக்கத்தில் நின்று கை ஆட்டினான். தனகோட்டியின் கால் பழக்கத்தில் ஏணியில் ஏறியது. சீட்டில் உட்கார்ந்தான். எஞ்சினை ஓடவிட்டான். லீவரைப் பிடித்தான்.

சனியன், அன்றைக்கென்று பார்த்துக் கை ஆடவே இல்லை! கல்லு மாதிரி இருந்தது. இந்த ஒரு தடவைதானே, இறக்கிவிட்டு நாளைக்குச் சொல்லலாமே என்று மனசு நைசாகப் பேச்சுக் கொடுத்தது. கண்ணாடி வழியே பார்த்தான். வளவன் கையுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "தூக்கு மாமா" என்று கட்டை விரலை உயர்த்தினான்.

தனகோட்டி எஞ்சினை அணைத்தான். சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினான்.

"கிரேனுக்கு இன்னா?" என்று ஓடி வந்தார் செல்வகுமார்.

"கிரேனுக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குத்தான். கை ஆடுது."

"நீட்டு."

நீட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். ஆடவில்லை. "நல்லாத்தானய்யா இருக்குது?"

"இப்ப நல்லாத்தான் சார் இருக்குது. எப்ப ஆடும்னு எனக்கே தெரியல. அதான் பயம்."

செல்வகுமார் அவனைத் தனியே இழுத்தார். "உன் பேரு லிஸ்ட்ல இருக்கு, தெரியுமில்ல? நான் இத எழுதியே ஆவணும்."

"எழுதுங்க சார்" என்று சாவியை அவர் கையில் வைத்தான். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. முப்பது பேர் முன்னால், மறைக்கக்கூடத் தோன்றாமல் அழுதான்.

வளவன் கிட்டே வந்தான். "எப்பலேர்ந்து மாமா?"

"ஆவணிலேர்ந்து."

"அந்தக் காத்து..."

"காத்து இல்ல மாப்ள."

"போன வாரம் மோட்டார் எறக்கறப்போ? அதுக்கு முந்தி அந்த ரோலருக்கு? நான் கைய வுட்டுக்கினுதான இருந்தேன்?"

ஆமாம் என்று தனகோட்டி தலையை ஆட்டினான். வளவன் அடித்துவிடுவான் போலத்தான் இருந்தது. அடிக்கவில்லை. காறித் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பீடத்துக்குப் போய்விட்டான்.

அடுத்த செக்‌ஷனிலிருந்து வேறு ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு வர மதியம் ஆகிவிட்டது. தனகோட்டியை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்து, அந்த எட்டு டன் அங்குலம் அங்குலமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். புது ஆபரேட்டர் இரண்டு தரம் தடுமாறினான். இரண்டு தரமும் தனகோட்டிக்கு உயிர் போய் உயிர் வந்தது. டிரம் உட்கார்ந்து, கடைசி போல்ட் முறுக்கும்போது மணி நாலரை.

வளவன் கையுறைகளைக் கழற்றிக்கொண்டே வந்தான். எண்ணெய்ப் பிசுக்கேறின இரண்டு கையையும் விரித்து, தனகோட்டி மூக்குக்கு நேராக நீட்டினான். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"எண்ணிப் பாத்துக்க மாமா. வூட்டுக்குப் போயி அக்காகிட்ட சொல்லு."

தனகோட்டி கட்டை விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். பத்தும் இருந்தது.