என்னைத் தவிர எல்லாரையும் கேட்டார்கள்

இந்த நாட்டில் அரசாங்கம் மோட்டார்சைக்கிளில் வீடு தேடி வருகிறது. போன மாதமும் வந்தது. எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் படபடவென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், வெள்ளைச் சீருடையில் ஒரு மலாய்க்கார மிஸ்ஸி. தாதியை இங்கே நம்மவர்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் வா என்று சொல்வதற்குள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, என் கடைக்குட்டியை மடியில் இழுத்துப்போட்டு ஊசி போட்டாள். அழுத பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, நான் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் கொடுத்து வைத்தவள் என்பீர்கள். எனக்கோ, அந்த மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை தாழ்ப்பாளைத் தேடுகிறது.

எழுபதுகளின் பின்பாதியில் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி மலாய் நாட்டுக் கெடா மாநிலத்துக்கு வந்தேன். புக்கிட் செலம்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கிராணி. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் உண்டாகியிருந்த முதல் சில வாரங்களிலேயே ஒரு மிஸ்ஸி வந்து கதவைத் தட்டினாள். நான் கொல்லைப் பக்கம் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன். அவள் சமையலறை வாசலுக்கே வந்து, உள்ளே இருந்த என்னிடம் மலாயில் ஏதேதோ சொன்னாள். எனக்கு அப்போது மலாய் ஒரு சொல்லும் தெரியாது. அவள் சிரித்துக்கொண்டே பேசியதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மாலையில் வீட்டுக்காரர் வந்ததும், "நான் மாசமா இருக்கேன்னு அவளுக்கு யார் சொன்னது?" என்று சண்டை பிடித்தேன். "கிளினிக்ல சொல்லியிருப்பாங்கலா. நல்லதுக்குத்தானே வர்றாங்க" என்றார், இந்த ஊர்ப் பேச்சுக்கு வாலாக ஒட்டிக்கொள்கிற 'லா'வோடு. நல்லதுக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். நான் அப்படியொரு சந்தேகப் பிராணி.

ஆனால் அந்தச் சந்தேகத்தை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு அங்கே குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் அமளிதுமளிப்பட்டுக்கொண்டிருந்த காலம். வாத்தியார்கள் வகுப்பை விட்டுவிட்டுக் 'கேஸ்' பிடிக்க அலைந்தார்கள். ஆபரேஷனுக்கு ஆள் கொண்டுவந்தால்தான் சம்பளம் என்று அவர்களுக்கு உத்தரவு. நானும் கொஞ்ச நாள் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் என்பதால், அவர்கள் வராந்தாவில் நின்று புலம்புவதைக் காதால் கேட்டிருக்கிறேன். என் பெரியம்மா மகள் ரோசம்மா இரண்டாவது பிரசவத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆண்பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு புது வாளியும் இருந்தது. ஆஸ்பத்திரியில் பரிசு கொடுத்தார்கள் என்று எல்லாரிடமும் காட்டினாள். அந்தப் பிள்ளை காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, ஏன் இன்னொன்று தங்கவில்லை என்று வைத்தியம் பார்க்கப் போன இடத்தில்தான் தன் கருக்குழாயை எப்போதோ கட்டிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. பிரசவ மயக்கத்தில் கிடந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தலையிலடித்துக்கொண்டு அழுததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அதனால் முதல் பிரசவத்துக்கு என்னை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எந்த டவுன் என்று எழுதவில்லை, அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளி கட்டிலில் படுத்தால் கட்டிலுக்குக் கீழே அம்மா, அத்தை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் இருக்கும். இங்கே மணி அடித்ததும் வீட்டுக்காரரைக்கூட வெளியே அனுப்பிவிட்டார்கள். என் சேலையை வாங்கிக்கொண்டு அவர்கள் சட்டையையும் கைலியையும் கொடுத்தார்கள். வேளாவேளைக்குத் தட்டில் சோறும் மீனும் வந்தன. இவ்வளவையும் சும்மா கொடுத்துவிட்டு நம் ஆட்களை மட்டும் ஏன் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்? பிள்ளை திரும்பிக் கிடக்கிறது என்று வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. நல்ல ஆரோக்கியம். தையல் ஆறி வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. கிழித்ததுதான் கிழித்தார்கள், கூடவே வேறு என்ன செய்தார்களோ! சிரிக்காதீர்கள், இரண்டாவது முறை நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த அன்றுதான், முதல் ஆபரேஷனில் என்னைக் கட்டிவிடவில்லை என்று நம்பினேன். அன்று நான் அழுததைப் பார்த்து வீட்டுக்காரர், இவளுக்கு இரண்டாவது பிள்ளை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவதும் ஆபரேஷன்தான், அதுவும் பெண்தான். மூன்றாவதற்கு அதே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன. அதற்குள் எனக்குப் பசாரில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் வந்திருந்தது. டாக்டர் பேசும் மலாய் அதற்குள் அடங்காது. ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் அவர் என் கட்டிலண்டை நின்று, வார்டைக் கூட்டித் துடைக்கிற அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டார். தமிழ் நோயாளிகளுக்கு அந்த அக்காதான் வாய். டாக்டர் என் வயிற்றைக் காட்டி, விரலை மடக்கி விரித்து, நிறுத்தி நிதானமாக வெகுநேரம் பேசினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பயப்பட ஒன்னும் இல்லலா, தங்கச்சி. நாளைக்குக் காலைல ஆப்ரேசன். ராத்திரிக்கு மேல பச்சத்தண்ணி குடிக்கக்கூடாதாம்."

"அவ்வளவுதானா? அவ்வளவு நேரம் பேசுனாரே?"

"மத்ததெல்லாம் கிராணிகிட்ட பேசியாச்சாம். நீ பேசாமப் படு."

கிராணியிடம் பேச வயிறு அவருடையதா? டாக்டரிடம் நேராகக் கேட்டிருக்கலாம், எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் தோட்டத்து வேனில் வந்து இறங்கியவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று முழுதும் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். எல்லாரும் சேர்ந்து என்னவோ முடிவு செய்துவிட்டார்கள், ரோசம்மாவுக்குச் செய்ததைத்தான் எனக்கும் செய்யப்போகிறார்கள், அதை வீட்டுக்காரர் முன்னால் ஏதோ மலாய்க் காகிதத்தை நீட்டி ஏமாற்றிச் சாதித்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஒரு வழக்கே நடத்திக்கொண்டிருந்தேன்.

மாலையில் வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பழமும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தார். "டாக்டர்கிட்ட என்ன பேசுனிய?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல மேரி, எப்பவும் போலத்தான்" என்றவர் பழத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்காக அவர் பழம் உரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. "அவங்க எதுலயும் கையெழுத்து வாங்குனாங்களா? ஏமாந்துராதிய" என்றேன். "யாரும் ஏமாத்தலலா. நீ ஜெபம் பண்ணிட்டுத் தூங்கு" என்றார். மணி அடித்ததும் வழக்கத்துக்கு மாறாக முதல் ஆளாக எழுந்து போனார். ஆஸ்பத்திரிக்காரர்கள் என் புருஷனையும் மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன்.

காலையில் என்னைத் தயார்ப்படுத்த வந்தவள் ரொக்கியா என்ற மிஸ்ஸி. இளம் வயது, கடுகடுப்பான முகம். வார்டிலேயே நான் அதிகம் பயந்தது அவளுக்குத்தான். என் கையில் பெயர்ப்பட்டையைச் சரிபார்த்தாள். பிறகு, ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் வருவதற்குள், குனிந்து உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள். உன் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், இத்தோடு கருக்குழாயைக் கட்டிவிடவும் சம்மதம் சொல்லிவிட்டார் என்றாள். "யூ ஆல்சோ வான்ட்-கா?"

நீயும் விரும்புகிறாயா? இப்படியொரு கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன். கத்தி ஊரைக் கூட்டுவதற்குத் தயாராக வந்திருந்தேன். கட்டச் சொன்னது ஆஸ்பத்திரி அல்ல, என் வீட்டுக்காரர் என்பது புரிந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். "நான் வேண்டாம் என்றால்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ரொக்கியா நிமிர்ந்தாள். "வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் போய் டாக்டரிடம் சொல்கிறேன்" என்றாள்.

டாக்டர் கோபமாகத்தான் வந்தார். கணவர் ஒப்புக்கொண்டுவிட்டார், இப்போது என்ன புதிதாக என்றார். எனக்குச் சொல்லவில்லையே என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில் விளக்கினார். ஒரே இடத்தில் மூன்றாவது முறை கிழித்த பிறகு கர்ப்பப்பை தாங்காது, இன்னொரு பிள்ளை உண்டானால் தையல் பிரிந்து உன் உயிருக்கே ஆபத்து வரலாம், அதற்காகத்தான். நியாயமான பேச்சு. ஒரு வாரம் முன்பு என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானே சரி என்றிருப்பேன். ஆனால் ஊரெல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்திருக்கிறார்கள். "இன்றைக்கு வேண்டாம். நான் யோசித்து, நானாக வருகிறேன்" என்றேன். பிறகு எங்களைக் குறை சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் சம்மதக் காகிதத்தில் எதையோ கோடு போட்டு அடித்துவிட்டதைப் பார்த்தேன். என்னை யாரும் அதட்டவில்லை, மிரட்டவில்லை. மூன்றாவதும் பெண். என்னைக் கட்டவில்லை என்று ரொக்கியா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள், நம்பினேன்.

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். அவராகவே ஆரம்பித்தார்.

"நீ பயந்துருவேன்னுதான் சொல்லல. கட்டுறது பாவம்னு சொல்ற சாமியாருக்குத் தெரிஞ்சாலும் கோவில்ல சங்கடம். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடலாம்னு நெனச்சேன்."

"சாமியாருக்குத் தெரியக்கூடாது, சரி. எனக்குமா தெரியக்கூடாது?"

"உனக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் இந்தப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு என்னா பண்ணுவேன், மேரி?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தையும் தந்தது. ரோசம்மாவைக் கட்டியவர்கள் மேல் ஒரு சாபமாவது விடலாம். என்னைக் கட்டப் பார்த்தவர் என் மேல் உயிரை வைத்திருக்கிறவர். தோட்டத்தில் ஆளுக்கொரு பேச்சு. ஆண்பிள்ளை ஆசையில் மேரி மாட்டேன் என்றுவிட்டாள் என்றார்கள் சிலர். எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்கு வருகிற பெண்கள் என் பக்தியை மெச்சினார்கள். இரண்டும் இல்லை. நான் என்ன ஆடா மாடா என்பதுதான் என் கேள்வி. கட்டில் உண்டு, சோறு உண்டு, மருந்து உண்டு, சட்டை உண்டு. உன்னை என்ன செய்யப்போகிறோம் என்று நோயாளியிடம் சொல்வதற்கு மட்டும் எந்த நாட்டிலும் யாருக்கும் நேரமில்லை. என்னிடம் கேட்டவள் என் மொழி தெரியாத, நான் பயந்து நடுங்கிய ஒரு சின்னப் பெண். கேட்கவேண்டும் என்று அவளுக்கு யாரும் உத்தரவு போட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

யோசித்தேன். யாரும் அவசரப்படுத்தாமல் யோசிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று பெண்களும் தாயோடு வளரவேண்டும், அது போதும் என்று முடிவு செய்தேன். போன வாரம், வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன பிறகு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்காக வந்தேன் என்று முகப்பில் இருந்தவரிடம் மலாயில் தடுமாறாமல் சொன்னேன். அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "சுவாமி மானா?" என்றார். மலாயில் கணவனுக்குச் சொல் சுவாமிதான். நம் ஊர் ஆண்கள் கேட்டால் பூரித்துப்போவார்கள். உன் கணவன் எங்கே, அவர் வந்து ஒப்புக்கொண்டால்தான் செய்வோம் என்றார். வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு நான் மட்டும் போதுமாக இருந்தது, வேண்டும் என்று சொல்ல நான் போதவில்லை. ரொக்கியா இருக்கிறாளா என்று விசாரித்தேன். ஜித்ராப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாளாம்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். முதலில் பட்டர்வொர்த் பஸ் வந்தது. அங்கே இறங்கிப் படகேறினால் பினாங்கு, என்னைக் கொண்டுவந்து இறக்கிய கப்பல் துறை. ஊருக்குப் போனால் அங்கே ரோசம்மா இருக்கிறாள். கண்டக்டர் கையை ஆட்டி "நாயேக்? நாயேக்?" என்று, ஏறுகிறாயா என்று கேட்டான். ஏறவில்லை. அடுத்து எங்கள் தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் வந்தது. அதில் ஏறினால் வீடு. சாயங்காலம் ஆபீசிலிருந்து அவர் வந்துவிடுவார், வாயைத் திறந்து நான் கேட்டால் உடனே கூட வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன். கடைக்குட்டி பாலுக்கு அழுகிற நேரம், மார்பு கட்டிப்போய் வலித்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு பஸ்களும் போன பிறகு சாலை காலியாகக் கிடந்தது, நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.