பால்குடம் எடுத்தவளின் பை

உணவுக்கடையின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். பினாங்கில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அங்கே தட்டு கழுவுவது. முதலாளி கெட்டவர் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஒரே தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது என்னிடம் ஒரு தோள்பை, இரண்டு சட்டை, ஒரு பாஸ்போர்ட் இருந்தன. இப்போதும் அவைதான். ஃபெரி பிடித்து அக்கரை போய், அங்கிருந்து தெற்கே எங்காவது போகலாம் என்று நினைத்திருந்தேன்.

அன்று தைப்பூசம். ஊரே எனக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலை நெடுகப் பந்தல் போட்டுச் சோறு போடுகிறார்கள் என்று கேட்டதும் என் காலும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பக்தி என்று சொல்ல மாட்டேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

பால்குடம் தொடங்கும் கோயில் வாசலில் ஒருத்தி என்னை நிறுத்தினாள். முப்பது வயது இருக்கும். மஞ்சள் புடவையைக் கட்டத் தெரியாமல் கட்டியிருந்தாள். தமிழ் முகம். ஆனால் பேசியது உடைந்த ஆங்கிலம், எனக்குத் தெரிந்த அளவுதான் அவளுக்கும் தெரிந்தது. மொரீஷியஸ்காரி. அங்கே கோயிலில் பாட மட்டும் தமிழ் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பேச வராது.

சுற்றியிருந்த ஒவ்வொருவருக்கும் செருப்பையும் துண்டையும் தூக்க அக்காவோ மச்சானோ கூட வந்திருந்தார்கள். இவளுக்கு யாருமில்லை. இரண்டு கையும் குடத்துக்கு வேண்டும். கான்வாஸ் பையை என்னிடம் நீட்டினாள். உள்ளே அவளுடைய பாஸ்போர்ட், பணம், ஷூ, எல்லாமே இருந்தன.

"ஏன் என்னிடம்?" என்று கேட்டேன்.

"உன்னிடமும் ஒரு பைதான் இருக்கிறது" என்றாள்.

வரிசை நகரக் காத்திருந்தபோது மீதியைச் சொன்னாள். ஐந்து வருடம் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டு, மூன்று எடுத்துவிட்டு இறந்துபோனாள். மிச்சம் இரண்டை மகள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் அதற்காக ஊரில் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. போன வருடம் சிங்கப்பூரில் தையல் கடையில் வேலை, குடமும் அங்கேயே. பிறகு ஆஸ்திரேலியாவில் ஆறு மாதம் திராட்சை பறித்தாள். இப்போது சாலை போகும்வரை வடக்கே போகிறாள், தனியாக. வழியில் தைப்பூசம் வந்துவிட்டது. இது ஐந்தாவது, கடைசி. நடுவில் குடத்தை இறக்கினாலோ பால் கொட்டினாலோ ஐந்தும் வீண் என்பது அவள் கணக்கு.

வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. குடத்தைத் தலையில் வைத்து வெறுங்காலோடு அவள் நடந்தாள். நான் இரண்டு பைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, பினாங்குக்காரர்கள் பேச்சில் சேர்க்கும் 'லா'வோடு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, பொண்டாட்டி கால் வெந்து போவுது, நீ என்னா லா பைய கட்டிப் பிடிச்சிக்கிட்டு வர்ற? தண்ணி ஊத்து!"

"என் பொண்டாட்டி இல்லக்கா."

"அப்ப யாரு?"

"தெரியாதுக்கா."

"யாருன்னே தெரியாதாம், பை மட்டும் இவர்கிட்ட இருக்காம்!" என்று மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரையும் கையில் திணித்தார். அவள் அடி வைக்குமிடமெல்லாம் ஊற்றிக்கொண்டு போனேன். வாளி சீக்கிரமே காலியாகிவிட்டது.

படிக்கட்டில் ஒரு காவடிக்கூட்டம் மேளத்தோடு இடையில் புகுந்தது. கூட்டம் விலகியபோது மஞ்சள் புடவையைக் காணோம். நான் அதுவரை எத்தனையோ ஊரில் வழி தவறியிருக்கிறேன், பயந்ததில்லை. அன்று பயந்தேன். முட்டி மோதி ஏறினேன்.

பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ இடித்திருக்க வேண்டும். குடத்தின் வாயைக் கட்டிய துணி நனைந்திருந்தது, ஆனால் பால் வழியவில்லை. குடத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். என்னையோ தன் பையையோ தேடி அவள் தலை திரும்பவில்லை. கூப்பிட எனக்கு அவள் பெயர் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே தமிழ்ச் சொல்லை உரக்கச் சொன்னேன்.

"அரோகரா!"

"அரோகரா" என்றாள், முன்னால் பார்த்தபடியே. அடுத்த படியில் கால் வைத்தாள்.

உச்சியில் பால் முருகன்மேல் விழுந்ததை நான் பார்க்கவில்லை, கூட்டம் மறைத்தது. வெளியே வந்தவள் பையை வாங்கித் தோளில் மாட்டினாள். திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளங்கால் இரண்டும் கொப்புளமாக இருந்தன. பெரிய காரியம் செய்த முகமே இல்லை, சந்தைக்குப் போய் வந்தவள் போல இருந்தாள்.

கீழே, முந்தின நாள் வந்த முருகன் ரதத்துக்கு முன்னால் ரோட்டில் உடைத்த தேங்காய்ச் சிதறல்களை ஒரு லோரியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக லோரிக்காரரிடம் போய் வேலை கேட்டாள். அவள் கேட்டதை நான் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"இந்தக் காலோடயா? வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவச் சொல்லு லா" என்றார் அவர். "ஆளு வேணும்தான். நாளைக்கு ரதம் திரும்புறதுக்குள்ள ரோடு கிளீனாவணும். ஆனா இதால முடியாது தம்பி."

மோர் ஊற்றிய அக்கா அவளைப் பக்கத்தில் ஆயர் ஈத்தாமில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் பந்தலிலேயே படுத்துக்கொண்டேன். விடிந்ததும் ஃபெரிக்கு நடக்கலாம் என்று எழுந்து சாலைக்கு வந்தேன்.

லோரி அங்கேயே நின்றது. அதன்மேல், தேங்காய்ச் சிதறல்களுக்கு நடுவே, காலில் துணி சுற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கீழிருந்து நீட்டும் கூடைகளை வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்து ஏறிக்கிச்சு, இறங்க மாட்டேங்குது" என்றார் லோரிக்காரர் என்னிடம். "மேல ஆளு இருக்கு, கீழதான் ஒரு ஆளு குறையுது. நீ வர்றியா?"

தோள்பையை மேலே எறிந்தேன். அதைப் பிடித்துத் தன் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு கூடையை எடுத்துக்கொண்டு சாக்கடை ஓரமாக அள்ள ஆரம்பித்தேன்.