ஆறாம் நம்பர் ஷூ

இது நடந்தது. எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதில்லை. நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். கண்ணில் பட்டதை அப்படியே எழுதித்தான் பழக்கம், கதை கட்ட வராது. நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். எனக்கு வருத்தமில்லை. வருத்தப்படுகிற பாகமே அப்போது எனக்கு வேலை செய்யாமல் கிடந்தது.

அதற்கு எட்டு மாதம் முன்னால் என் அண்ணன் செத்துப்போனான். ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அவன் மனைவி எனக்கு அண்ணி மட்டும் இல்லை, கல்லூரியில் என் பெஞ்சுக்காரி. எங்கே போனாலும் பத்தடி பின்னால் ஆடி அசைந்து வருவாள் என்பதால் அப்போதே வாத்து என்று பெயர் வைத்துவிட்டோம். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் எனக்கு வாத்துதான். அண்ணன் இருந்தவரை அவள் வாயில் 'நான்' என்ற சொல்லே வராது. நாங்க போனோம், நாங்க பாத்தோம் என்றுதான் பேசுவாள். அவன் போன மறுநாளிலிருந்து அந்த 'நாங்க' நின்றுபோனது. சாப்பாடும் நின்றது. நான் மட்டும் மூன்று வேளையும் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். ஒரு சொட்டு அழவில்லை.

"இப்படியே விட்டா அவளும் போய்ச் சேந்துடுவா. கிளம்புங்கடி, எங்கயாவது சுத்திட்டு வரலாம்" என்று எங்கள் மூன்றாவது தோழி டிக்கெட் போட்டாள். அவள் கணக்கு டீச்சர். அதனால் எங்களுக்கு அவள் டீச்சர். விமானம் ஏறிப் போகிற பெரிய ஊர், நான்கு நாள். வாத்தைப் பழைய வாத்தாகத் திருப்பிக் கூட்டி வர வேண்டும். வேறு திட்டம் கிடையாது.

முதல் நாள் படகில் போனோம், அருங்காட்சியகம் பார்த்தோம். வாத்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை கண் விழித்தபோது, அவள் குளித்துத் தலை சீவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடப் போலாமா?" என்றேன்.

"நாங்க சாப்பிட்டு வந்துட்டோம்."

டீச்சரும் அவளும் என்னை விட்டுவிட்டுப் போய் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு டீச்சர் வந்தாள்.

"பசி உயிர் போகுது. வாங்க, கீழ போய் ஒரு வெட்டு வெட்டலாம்."

நான் வாத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய பழக்கம், வாய் தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் ஒரு பெரிய மாலின் மேல்மாடியில் சாப்பிட்டோம். சுற்றிலும் கடைகள், நடுவில் நூறு மேசைகள், ஒரே இரைச்சல். வாத்து இரண்டு கிண்ணம் சூப் நூடுல்ஸ் வாங்கி வந்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை அதற்கு நேராக வைத்தாள். பிறகு தன் கிண்ணத்தை முக்கால்வாசி காலி செய்தாள். டீச்சர் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். 'பாத்தியா, சாப்பிடுறா' என்று அர்த்தம்.

அவர்கள் கை கழுவப் போனதும் அந்த இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தேன். நூடுல்ஸ் அப்படியே இருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தேன். உப்பில்லை, உறைப்பில்லை, சக்கை. வாத்து மிச்சம் வைத்த சூப்பில் ஒரு ஸ்பூன் குடித்தேன். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டும் ஒரே அண்டாவில் எடுத்தது, நான் பார்த்தேன்.

பயந்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். வந்துவிட்டான், ருசியை மட்டும் எடுத்துக்கொண்டான் என்று தோன்றியது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடுகிற மாதிரி உள்ளே எங்கோ குறுகுறுத்தது.

"அண்ணா..." என்றேன், நாற்காலியிடம்.

க்ரீச்...

நாற்காலி ஒரு விரற்கடை என் பக்கம் நகர்ந்தது.

அதன் பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவான் என்று பயம். மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். டீச்சர் பாஷை தெரியாமலேயே ஒரு கைப்பைக் கடைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, வாத்து எதிர்க்கடையில் ஆண்கள் ஷூ வாங்குவதைப் பார்த்தேன். கடைக்காரர் அளவு கேட்டார் போல. அவள் பக்கவாட்டில் தரையைப் பார்த்துவிட்டு விரல் காட்டினாள். எத்தனை விரல் என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் உயரமான கோபுரத்தின் உச்சிக்குப் போனோம். வெளியே மழை. உள்ளே ஏசி நடுக்கியது. சுற்றிலும் கண்ணாடி, கீழே ஊர் முழுக்க விளக்கு. வாத்து கண்ணாடியில் நெற்றி ஒட்டி நின்றாள். அவள் மூச்சு பட்டு ஒரு வட்டம் வெள்ளையாகப் பூத்தது. மறைந்தது. மறுபடி பூத்தது.

பக்கத்தில் இன்னொரு வட்டம்.

அவள் இடுப்பு உயரத்தில்.

பூத்தது. மறைந்தது. பூத்தது... அவளுடையதைவிட வேகமாக.

என் அண்ணன் ஆறடி. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான்.

அறைக்கு வந்தோம். டீச்சர் தண்ணீர் வாங்கக் கீழே இறங்கினாள். வாத்து குளியலறைக்குள் போனாள். ஷூ பெட்டி கட்டில்மேல் இருந்தது. திறந்தேன்.

ஆறாம் நம்பர்.

அண்ணனுக்குப் பதினொன்று. எந்தக் கடையிலும் லேசில் கிடைக்காது. தேடி அலைந்து நான்தான் வாங்கித் தருவேன்.

ஷூவுக்குள் கை விட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி.

குளியலறைக்குள் தண்ணீர் சலசலத்தது. வாத்து ஏதோ பேசினாள். நிறுத்தினாள். பதில் கேட்கிறவள் போல நிறுத்தினாள். பிறகு சிரித்தாள்.

"யாருடி உள்ள?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நாங்கதான்."

நான் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன். டீச்சரிடம் தலைவலி என்றேன். மீதி இரண்டு நாளும் அவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தேன். வாத்து நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், போட்டோவுக்குச் சிரித்தாள்.

"நான் சொன்னேன்ல. ஊர் மாறினா மனசு மாறும்" என்று திரும்பி வரும்போது டீச்சர் பெருமைப்பட்டுக்கொண்டாள். நான் ஆமாம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வாத்தின் வீட்டுக்குப் போனேன். கன்னம் சதை பிடித்திருந்தது. காபி கொண்டு வந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். படுக்கையறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அந்த ஷூ அண்ணனுக்கு இல்லைல்ல?"

"இல்ல."

"அப்ப அது யாரு?"

"பேரு சொல்லல. நானும் கேக்கல." காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "அங்க போன முதல் நாள் ராத்திரி உங்க அண்ணனைத்தான் கூப்பிட்டுட்டே படுத்திருந்தேன். இவன் வந்து கட்டில் ஓரமா நின்னான். அவர் எங்கயும் இல்ல, கூப்பிடாத, இனிமே வரமாட்டாருன்னான். நான் வரட்டுமான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"வான்னேன். யாராவது இருந்தா போதும்னு ஆயிடுச்சு எனக்கு."

இவன் என்றாள். என் அண்ணனை அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவர் எங்கயும் இல்ல... அந்த ஒரு வரிதான் என் காதில் நின்றது. எட்டு மாதமாக வராதது அப்போது வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.

வாத்து எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அவள் கண் அந்தக் கதவின்மேல் இருந்தது.

"மெதுவா அழு" என்றாள். "இப்பதான் தூங்கினான்."