கசந்த சுரைக்காய்

அரிசி மில்லில் மூட்டை தூக்குவதை விட்டபிறகுதான் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டேன். மருந்தே அடிக்காத காய் என்று எனக்கு ரொம்பப் பெருமை. முதலில் காய்த்தது சுரைக்காய். என் மனைவிக்குச் சீனி வியாதி. சுரைக்காயைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, காலையில் சாறு எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

“கசக்கு. பாவக்காயை அரைச்சிட்டியளா?”

“ஏட்டி, சீனிக்குக் கசப்புதான மருந்து? மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடி.”

டம்ளரைக் காலி செய்தாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். மறுபடி எடுத்தபோது ரத்தம் வந்தது. ஆட்டோவில் என் மடியில் கிடந்தாள். கூப்பிட்டேன், பதில் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்.

“சாறு கசந்துச்சா?”

“ஆமா.”

“கசக்கிற சுரைக்காய் விஷம், அண்ணாச்சி. பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. வெளிய இருங்க.”

வெளியே நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. சாயங்காலம்தான் அவள் கண் திறந்தாள்.

“துப்பியிருக்கலாம்லா?” என்றேன்.

“மொதக் காயின்னு அவ்வளவு ஆசையா நின்னிய. எப்படித் துப்ப?”

கசக்கிறது என்று அவள் சொன்னபோது, அந்த டம்ளரை வாங்கி நான் ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை.

தோட்டம் இப்போதும் இருக்கிறது. எந்தக் காயை வெட்டினாலும் முதல் துண்டை நான் தின்று பார்க்கிறேன். அவள் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பதில்லை. தட்டை எடுத்துவிடுகிறேன்.