வாதுமைக் கன்றுகள்

"செடிக்காரம்மா" என்று கூப்பிட்டால் அவள் காதிலேயே விழாது. "செடின்னா இடுப்பு உசரத்தோட நின்னுடும். இது மரமாகப் போறது. கன்னுன்னு சொல்லுங்க" என்பாள். கன்றுக்காரம்மா என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதில் கொஞ்சம் கேலியும் உண்டு, அவள் கண்டுகொள்வதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பைகளில் கன்று வளர்த்து விற்பது அவள் தொழில். முதல் பெரிய ஆர்டர் பக்கத்துத் தெருச் சங்கம் கொடுத்தது. சாலையை அகலப்படுத்தியபோது மொட்டையாகிவிட்ட தெரு. அங்கே முழுக்க வாதுமை வேண்டுமாம். இது கைகூடாவிட்டால் தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு நாத்தனார் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

கன்றுகள் தளதளவென்று வளர்ந்தன. அந்தப் பூரிப்பில்தான் கோட்டை விட்டாள். பைகளை அவ்வப்போது தூக்கி இடம் மாற்றாவிட்டால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய்விடும். நன்றாக வளர்வதைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டாள். வண்டி வருவதற்கு முதல் நாள் ஒரு பையைத் தூக்கினாள். அசையவில்லை.

"பிச்சு எடுத்துக் குடுத்துடு. வாங்குறவங்களுக்கு என்ன தெரியப் போவுது?" என்றான் கணவன்.

"நட்ட வேகத்துல காஞ்சுடும்ங்க."

"அது அவங்க பாடு."

"இல்லீங்க, என் பாடு" என்று கத்தியை எடுத்தாள். தரைக்குள் போன வேர்களை அறுத்தாள், குறைந்த வேர் தாங்குவதற்காக இலைகளைப் பாதியாக நறுக்கினாள், பைகளை நிழலுக்கு மாற்றினாள்.

மறுநாள் வந்த சங்கத் தலைவர் திகைத்தார். "என்னம்மா, குச்சியைக் காட்டுறீங்க?"

"தப்பு என்னோடது சார். வேரை அறுத்திருக்கேன். தேற ஒரு மாசம் ஆகும்."

"வேற எடத்துல செடியா கெடைக்காது?" என்று காலி வண்டியோடு போய்விட்டார். கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவள் கன்றுகளின் பக்கம் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

தினமும் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை, உயிர் இருந்தது. ஒரு நாள் துளிர் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவளே வண்டி பிடித்து எல்லாக் கன்றுகளையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

தெரு நெடுக வேறு யாரோ விற்ற கன்றுகள் நின்றன. தலைவர் வீட்டு வாசலில் மட்டும் குழி காலியாக இருந்தது.

"என் வாசலுக்கு உங்க கன்னுதான்னு விட்டு வச்சேன்மா. தப்பை ஒத்துக்கிட்டவங்க பொய்யா விக்கப் போறாங்க?" என்றார் அவர்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க வாசலுக்கு ஒரு நியாயம், தெருவுக்கு ஒரு நியாயமா சார்?" பக்கத்தில் நின்ற கன்றை நகத்தால் கீறினாள். பழுப்பு. அடுத்ததும் அப்படித்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மம்பட்டியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இந்தக் கோடியிலேருந்து ஆரம்பிப்போம்."