லாபோர்த் வீட்டுக் கல்யாணம்

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு லாபோர்த் வீடு. அண்ணன் பெலிக்ஸ், தங்கை ஜெஸ்ஸி, இரண்டே பேர். தன் முப்பாட்டனுக்கு அப்பா புதுச்சேரிக்குக் கப்பலில் வந்திறங்கிய பிரெஞ்சு அதிகாரி என்பார் பெலிக்ஸ். மாதா கோயிலில் பூசை முடிந்து யார் அகப்பட்டாலும் இதே அளப்புதான். கேட்டுக் கேட்டு என் காதே புளித்துவிட்டது.

அந்தப் பிரெஞ்சு ரத்தம்தான் ஜெஸ்ஸியின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது. தங்கமான வரன்கள் வந்தன. "நம்ம வம்சத்துக்கு இவங்க ஈடா?" என்று எல்லாரையும் காபி கொடுத்தே அனுப்பிவிட்டார் அண்ணன். ஜெஸ்ஸி எதிர்த்துப் பேசவில்லை. பாலாநகர் தொழிற்சாலைக்குப் போவதும் வருவதுமாக நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது.

அப்போதுதான் அதே தொழிற்சாலைக்கு பிரசன்னா வந்து சேர்ந்தார். விமானப்படையில் இருந்தவர், மனைவியை இழந்தவர், சைனிக்புரியில் தனி வாசம். சொந்த ஊர் காரைக்கால். அவர் குடும்பப் பெயரும் லாபோர்த்! இருவர் சட்டையிலும் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் ஒரே பெயரைப் பார்த்த கேன்டீன்காரர், புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து ஒரே தட்டில் சமோசாவை வைத்துவிட்டார். பேச்சு அங்கே தொடங்கி, கல்யாணம் வரை வந்தது.

பெலிக்ஸ் குதித்தார். கோபம் வந்தால் அவர் பேச்சில் ஊர் உருது கலந்துவிடும். "கைக்கு? ஏன் இப்படி பண்றே? ஒரே பேரு, ஒரே ரத்தம். அவரு உனக்கு அண்ணன் முறை ஆகுது. நக்கோ, வேணவே வேணாம்!"

எனக்கு வந்ததே ஆத்திரம். இத்தனை வருஷம் ரத்தம் போதாது என்று தட்டிக் கழித்த மனுஷன், இப்போது ரத்தம் கூடிப்போச்சு என்கிறார். ஆனால் ஜெஸ்ஸி பயந்துவிட்டாள்.

"நிஜமாவே பங்காளியா இருந்தா என்னக்கா பண்றது? அவர் மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்?" என்று என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுதா ஆச்சா? சொந்த ஊருக்கே போய் விசாரிச்சுப் பாருடி" என்றேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் புதுச்சேரிக்கும் பிரசன்னா காரைக்காலுக்கும் போனார்கள். புதுச்சேரி மாதா கோயிலின் பங்கு அலுவலகத்தில் இருந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாராம்.

"பிரெஞ்சுக்காரன் ஆட்சியில, சாதி வழக்கத்தை விட்டுட்டு அவங்க சட்டத்துக்கு மாறினவங்க நிறையப் பேரும்மா. மாறினா புதுசா ஒரு குடும்பப் பேரு எடுத்துக்கணும். சிலர் பிடிச்ச பேரை வச்சுக்கிட்டாங்க. அதனால பேரு ஒண்ணா இருந்தா சொந்தம்னு சொல்ல முடியாது. உங்க ஆளுங்க கல்லறையைப் போய்ப் பாருங்க. பழைய பேரையும் சேர்த்து வெட்டியிருப்பாங்க."

ஜெஸ்ஸி கல்லறைத் தோட்டத்தில் புல்லை விலக்கி விலக்கித் தேடினாள். முப்பாட்டன் கல்லறை கிடைத்தது. 'மரியசூசை மகன் ஞானமுத்து என்கிற லாபோர்த், கோர்ட்டு டவாலி.' காரைக்காலிலிருந்து பிரசன்னாவும் போட்டோ அனுப்பினார். 'ராயப்பன் மகன் சவரிமுத்து என்கிற லாபோர்த், படகோட்டி.' வேறு ஊர், வேறு தகப்பன், வேறு பிழைப்பு. யாரோ ஒரு துரையின் பெயர் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை, "இல்லக்கா, இல்லக்கா" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. உடனே அடுப்பில் பாயசத்துக்குப் பால் வைத்தேன்.

ஊர் திரும்பியதும் என் முன்னால்தான் அண்ணனிடம் போட்டோக்களைக் காட்டினாள். பெலிக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். நம் பிரெஞ்சு சாஹேப் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ கப்பல்ல யாருமே வரலையா? நம்ம பிரெஞ்சுக்காரங்க இல்லையா ஜெஸ்ஸி?"

"இல்லண்ணா," என்றாள் ஜெஸ்ஸி. எத்தனையோ வருஷம் கழித்து அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "தமிழ் ஆளுங்கதான். அதனாலதான் எனக்குக் கல்யாணம் நடக்கப்போகுது."